நாங்குமுடியில் ஆறு அடுப்பு

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், அங்கே உன் சுகம் அறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அப்படி ஆரம்பித்தால் முதல் வரியே பொய்யாகிவிடும். இந்தக் கடிதத்தை எழுதப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து உன் அம்மா என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள். என் அண்ணன் கண்ணை மூடியபோது உனக்கு மூன்று வயது. அன்றிலிருந்து உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவன் நான். வாயால் நீ சித்தப்பா என்று கூப்பிட்டாலும் இதை ஒரு தகப்பன் மகனுக்கு எழுதுவதாகவே எடுத்துக்கொள். நான் மூணாங்கிளாஸோடு நின்றவன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஆனால் வடகரையில் எந்த வாத்தியாருக்கும் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள், அது உனக்கே தெரியும். உறையை நான் ஒட்டவில்லை, கவனித்தாயா? வேண்டுமென்றேதான். உன் ஆபீசில் யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கட்டும். வாசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நீ எழுதியதை நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்லுகிறேன், சரியா என்று பார். யுத்தத்துக்குத் தண்டவாளக் கட்டை வேண்டும். அதற்கு நாங்குமுடிச் சரிவில் நிற்கிற பெருமரங்களை வெட்டப் போகிறார்கள். எந்தெந்த மரம் விழ வேண்டும் என்று முத்திரைச் சுத்தியால் அடையாளம் போட, ஊர்க்காரன் என்பதால் உன்னையே அனுப்புகிறார்கள். அதற்கு முன்னால் அங்கே அத்துமீறிக் குடியேறியிருக்கிற மலைக்காரப் பளியர்களைக் கீழே இறக்கிவிட வேண்டும். சாரல் தொடங்குவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். பதினைந்து நாளில் நீ வருகிறாய். "அங்கே குடியிருப்பு எதுவும் இருந்ததில்லை என்று பழைய விசாரணையில் ஒரு சாட்சி வாக்குமூலம் இருக்கிறதாம், ஆகவே சிக்கல் இல்லை" என்று எழுதிவிட்டு, அடியில் பெருமையாக இன்னொரு வரி போட்டிருக்கிறாய்: "நீங்கள் கரடியோடு மல்லுக்கட்டிய அதே காடு, சித்தப்பா." அந்த வரியை உன் அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை பாதியிலேயே காகிதத்தை மடித்துவிட்டேன்.

மகனே, அந்தச் சாட்சி நான்தான்.

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்கிற கடிதம் இல்லை இது. அந்த நாளில் நான் குற்றாலத்துச் சீசனில் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. வெள்ளை வேட்டி, தலையில் ஜரிகைத் துண்டு, கையில் பிரம்பு. பெரிய அருவியில் குளிக்க வருகிற ஜமீன்தார்கள், வக்கீல்கள், செட்டிநாட்டுக்காரர்கள் எல்லாரும் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்பது என்னைத்தான். செண்பகாதேவிக்கு வழிகாட்டுவேன், தேனருவிக்கு வழிகாட்டுவேன், கூட வருகிறவர்களுக்குக் களைப்புத் தெரியாமல் இருக்க இருபது கதை சொல்லுவேன். காட்டுக்குள் என் கால் படாத இடம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் தேனருவிக்கு மேலே நான் ஏறியதே கிடையாது. அந்த வருஷம் சாரலில் ஒரு துரை கூடாரம் போட்டு இறங்கினார். மலையில் எதெது சர்க்கார் காடு, எதெது ஜனங்கள் புழங்குகிற இடம் என்று விசாரித்து எழுதுகிற துரை. காட்டை நன்றாக அறிந்த ஆள் யார் என்று அவர் கேட்டார். கேட்ட வாய் மூடுவதற்குள் நான் போய் நின்றேன்.

அவர் கொடுத்த வேலை சின்ன வேலை. நாங்குமுடிக்குப் போக வேண்டும். மூன்று நாள் இருக்க வேண்டும். காலையில் புகை எழும்புகிறதா, ஆள் தடம் இருக்கிறதா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? துரை, எனக்கு அந்த இடம் தெரியாது, தெரிந்தவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் ஆயுசில் 'தெரியாது' என்கிற வார்த்தையை நான் சொன்னதில்லை. நீ இப்போது சுத்தியும் காகிதமுமாக வருகிற உத்தியோகஸ்தன். உனக்கு நான் சேர்த்து வைத்த சொத்து என்று எதுவும் இல்லை, இந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவனுக்கு ஒரு நிமிஷம்தான் அவமானம். அதை விழுங்கினவனுக்குப் பாரு, பதினெட்டு வருஷம்.

தேனருவியைத் தாண்டினதும் வேறு உலகம் அது. கீழே நாம் காடு என்று சொல்லுகிறோமே, அது வேலியோரப் புதர் மாதிரி. மேலே பகலிலும் வெளிச்சம் பச்சையாகத்தான் இறங்கும். மரங்களின் வேர் ஆள் உயரச் சுவர் மாதிரி நிற்கும், அதற்குப் பின்னால் ஒரு கல்யாணப் பந்தியையே உட்கார வைக்கலாம். சரி, பந்தி வேண்டாம், பத்துப் பேர். மிதிக்கிற இடமெல்லாம் இலை மக்கி, பஞ்சு மாதிரி உள்ளே வாங்கும், பிழிந்தால் தண்ணீர் வரும். அட்டை கால் விரல் இடுக்கில் ஏறுவது தெரியாது, இறங்கும்போதுதான் ரத்தம் தெரியும். கருமந்தி உச்சிக் கொப்பில் இருந்து நம்மை ஏதோ வரி வசூலிக்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கும். மேலே மேகம் வந்து உட்கார்ந்தால் நீட்டின கை தெரியாது. இதில் எங்கே புகையைப் பார்ப்பது? முதல் நாள் முழுக்க அந்த மஞ்சுமூட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். இரண்டாம் நாள் காலை, ஒரு பாறையில் கால் வழுக்கி நாற்பது அடி விழுந்தேன். இருக்கட்டும், பன்னிரண்டு அடி. தோள்பட்டை கிழிந்தது, கை மடங்கி வீங்கிவிட்டது. உன் கண்ணால் நீ பார்த்த அந்தத் தழும்பு, கரடி போட்டது இல்லை. பாறை போட்டது.

சின்ன வயதில் நீ அந்தத் தழும்பின் மேல் விரலை ஓட்டி, "இது எந்த நகம் சித்தப்பா?" என்று கேட்பாய். நான் ஒவ்வொரு நகத்துக்கும் ஒரு கதை சொல்லுவேன். முதலில் ஒரு கரடி இருந்தது. உனக்கு எட்டு வயதாகும்போது அது இரண்டாகிவிட்டது. அந்தக் கதையைக் கேட்டுத்தான் நீ காட்டு வேலைக்குப் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாய். உன் அம்மா போலீஸுக்குப் போகச் சொன்னாள், உன் மாமா பட்டாளத்துக்குப் போகச் சொன்னார். நீ கரடியைத் தேடிப் போனாய். உன் வாழ்க்கையையே நான் ஒரு புளுகின் மேல் கட்டிவிட்டேன், மகனே.

விழுந்து கிடந்த என்னைக் கண்டுபிடித்தது ஒரு பொம்பளை. பேர் சடைச்சி. அப்போது என் வயதுதான் இருக்கும், முப்பதுக்குள். கிழங்கு தோண்டுகிற கம்பு கையில். என்னைக் குனிந்து பார்த்துவிட்டு, பின்னால் வந்த தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஏலே, இங்கன ஒரு மூட்டை கெடக்குது. முனகுது வேற." ஜரிகைத் துண்டும் பிரம்புமாகப் போன எனக்கு அந்த மலையில் கிடைத்த முதல் மரியாதை அதுதான். இரண்டு பேருமாகக் கொடியைப் பின்னித் தூளி கட்டி, தோள் மாற்றித் தோள் என்னைச் சுமந்துகொண்டு போனார்கள். போன இடம்தான் நாங்குமுடிப் பொடவு. பொடவு என்றால் தெரியுமில்லையா, பெரும்பாறை முன்னால் துருத்திக்கொண்டு அடியில் மழை படாமல் இருக்கிற இடம். அதற்குள் வரிசையாக ஆறு அடுப்பு. ஆறு குடும்பம். நான் புகையைப் பார்த்துவரப் போனேன் அல்லவா? அந்தப் புகைக்குள்ளேயே எட்டு நாள் படுத்துக் கிடந்தேன்.

அந்த எட்டு நாளில் நான் பார்த்ததை எழுதுகிறேன், இதில் ஒரு இழை கூட நான் கூட்டவில்லை. வள்ளிக்கிழங்கு தோண்டினால் தலைப்பாகத்தை வெட்டித் திரும்பக் குழியில் வைத்து மண் மூடிவிட்டுத்தான் வருவார்கள். தேன் எடுத்தால் கூட்டில் ஒரு பங்கை விட்டுவிடுவார்கள். தேனீ கட்டுகிற மரத்தைச் சுற்றிக் கொடி கட்டியிருக்கும், அந்த மரத்தின் ஒரு கொப்பைக்கூட யாரும் ஒடிக்க மாட்டார்கள். மழைக்குப் பொடவு, வெயிலுக்கு ஓடைப்பக்கம் என்று இடம் மாறுவார்கள். இன்னொன்று இருக்கிறது, இதை நீ முக்கியமாகக் குறித்துக்கொள். அடுப்பை விட்டுப் போகும்போது மூன்று கல்லையும் அப்படியே நிற்க வைத்துப் போனால், திரும்பி வருவோம் என்று அர்த்தம். வரவே போவதில்லை என்றால்தான் கல்லைக் குப்புறத் தள்ளுவார்கள். உன் ஆள்கள் ஆறிப்போன அடுப்பைக் காட்டி, இங்கே யாரும் இல்லை என்று சொல்லுவார்கள். நீ சாம்பலைத் தொட்டுப் பார்க்காதே. கல்லைப் பார்.

கை கொஞ்சம் தேறியதும் எனக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. சடைச்சியின் தம்பியிடம் அரிவாளை வாங்கி, அடுப்புக்கு மேலே பாறையில் என் பேரைச் செதுக்க ஆரம்பித்தேன். பேர், ஊர், மாசம், வருஷம் எல்லாம். ஒரு நாள் முழுக்க ஆனது. ஒவ்வொரு எழுத்தும் சாண் உயரம். சடைச்சி கிழங்கைச் சுட்டுக்கொண்டே பார்த்தாள். எதுக்கு இது என்று கேட்டாள். நான் இங்கே வந்தேன் என்று தெரியத்தான் என்றேன். அவள் கிழங்கை ஊதி ஊதி என் கையில் வைத்துவிட்டு, "நாங்கதான் பாத்தோமே, அது போதாதாக்கும்?" என்றாள். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. கிழங்கு சூடாக இருக்கிறது என்று மட்டும் விளங்கியது.

கீழே இறங்கினேன். கையில் கட்டு, தோளில் பச்சிலை. கடைத்தெருவில் ஆள் கூடிவிட்டது, என்ன அண்ணாச்சி ஆச்சு என்று. ஒரு பளியச்சி என்னை மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போனாள் என்று நான் சொல்லுவேனா? கரடி என்று வாயில் வந்துவிட்டது. வந்ததும் அதற்குக் கால் முளைத்தது, நகம் முளைத்தது. ஆள் அரவமே இல்லாத காடு, நானும் அதுவும்தான் என்று சொன்னேன். பக்கத்தில் மனுஷர் இருந்தால் கதை எடுபடாது பார்த்துக்கோ. துரையின் சமையல்காரர் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறார். மறுநாள் துரை கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, கரடிக் கதையை முழுக்கச் சொல்லச் சொன்னார். குமாஸ்தா இங்கிலீஷில் மாற்றி மாற்றிச் சொன்னார், துரை தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் குஷியில் கரடியைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். சிரித்து முடித்துவிட்டு அவர் மெல்லக் கேட்டார், அப்படியென்றால் அந்தச் சரிவில் மனுஷர் குடியிருப்பு ஏதும் இல்லையா என்று.

அந்த நிமிஷத்தை நான் எத்தனை தடவை திரும்ப நினைத்திருப்பேன் தெரியுமா? வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குமாஸ்தாவின் பேனா மையில் முங்கி நின்றது. தோளில் சடைச்சி அரைத்துப் போட்ட பச்சிலை இன்னும் காயவில்லை, அதன் வாசனை என் மூக்கில் ஏறுகிறது. இருக்கிறார்கள் துரை, ஆறு அடுப்பு என்று சொன்னால் கரடி செத்தது. இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும். "ஒரு குஞ்சு குருமான் இல்லை துரை" என்றேன். பேனா ஓடியது. நான் கையெழுத்துப் போட்டேன், கைநாட்டு இல்லை, முழுக் கையெழுத்து. என் புளுகிலேயே ரொம்பச் சின்னது அதுதான். ஒரு அலங்காரமும் இல்லாத நாலு வார்த்தை. அதற்காகத் துரை ஒரு நற்சான்று கொடுத்தார், இந்த மலையை முழுதும் அறிந்தவர் என்று. நம் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததே, அதுதான். அதை எழுத்துக் கூட்டித்தான் நீ இங்கிலீஷ் எழுத்துகளைப் பழகினாய்.

பிறகு என்ன ஆனது என்று கேட்பாய். ஒன்றும் ஆகவில்லை, அதுதான் என்னைத் தூங்கவைத்தது. சடைச்சியும் ஆட்களும் அங்கேயேதான் இருந்தார்கள். பாரஸ்ட் கார்டுகளுக்கெல்லாம் தெரியும். தேன் வேண்டும் என்றால், குங்கிலியம் வேண்டும் என்றால், வழிதவறின யாத்திரைக்காரனைத் தேட வேண்டும் என்றால் அவர்கள் இருப்பார்கள். காகிதத்தில் மட்டும் இருக்க மாட்டார்கள். காகிதத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இப்போது பார்க்கிறவன் நீ.

உன் கடிதம் வந்த மறுநாள் விடிந்ததும் நான் மலை ஏறினேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு. தேனருவிக்குக் கிழக்கே, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸுக்குக் கரி சுடப் போன வருஷம் வெட்டினார்களே, அந்தச் சரிவு வழியாகத்தான் போனேன். நீ வரும்போது அந்த வழியாகவே வா. மரம் போன இடத்தில் பாறை எலும்பு மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறது, பஞ்சு மாதிரி இருந்த மண் முதல் மழையிலேயே இறங்கிவிட்டது. இறங்கி எங்கே வந்தது என்று நினைக்கிறாய்? வடகரையில் நம் வயல் மடையில் கணுக்கால் அளவு செம்மண்ணாக வந்து நின்றது, உன் அம்மாவும் நானும் இரண்டு நாள் வாரிப் போட்டோம். பங்குனி வரைக்கும் ஓடுகிற ஓடை இந்த வருஷம் தை முடியுமுன் நின்றுவிட்டது. நாங்குமுடிக்குள் நுழைந்ததும் பார், பங்குனி முடிந்தும் கல்லுக்குக் கல் தண்ணீர் கசிகிறது. நீ சுத்தி அடிக்கப் போகிற மரங்கள்தான் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. நான் சொல்லுகிறேன் என்று நம்பாதே, கையை வைத்துப் பார்.

சடைச்சிக்குத் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் மூட்டை தானா நடந்து வருதே என்று சிரித்தாள். பழைய இடத்திலேயே உட்கார வைத்து, தேனைச் சுடுதண்ணியில் கலக்கித் தந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். துரை, கரடி, கையெழுத்து, இப்போது என் மகன் சுத்தியோடு வருவது. கிழங்கு சீவிக்கொண்டிருந்த பொம்பளைகள் கையை நிறுத்திவிட்டார்கள். அவள் தம்பி அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சடைச்சி அவனைப் பார்க்காமலே இருலே என்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அன்னைக்கு நீரு எட்டு நாளு தின்ன கெழங்கு இந்த அடுப்புல வெந்ததுதான வடகரையாரே? அந்த அடுப்பு எங்க போச்சுன்னு எழுதினீரு?"

நான் தேன்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"கரடி இருக்குன்னு எழுதிட்டாவ. நாங்க இல்லைன்னு எழுதிட்டாவ. இப்பம் அந்தக் கரடியவே கூப்பிட்டு மறுசாட்சி சொல்லச் சொல்லும்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எங்கே போவீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் தம்பி என்னிடம் வராமல் பாறையோரம் போனான். அங்கே அவன் அய்யாவைப் புதைத்த இடத்தில் ஒரு கல் நிற்கிறது. அரிவாளால் அதைச் சுற்றி முளைத்த செடியை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அதுதான் பதில்.

அங்கிருந்து நேரே தென்காசிக்குப் போனேன். காட்டிலாகா ஆபீஸில் நின்று, நான் கொடுத்த சாட்சி பொய், அதை அடித்துவிடுங்கள் என்று சொன்னேன். குமாஸ்தா ஒரு பையன், உன் வயதுதான். அவனும் சின்ன வயதில் என் கரடிக் கதையைக் கேட்டவன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்ன அண்ணாச்சி, இது புதுக் கதையா? நல்லாத்தான் இருக்கு, ஆனா கரடி இல்லாம சப்புன்னு இருக்கே" என்றான். நான் சத்தியம் பண்ணினேன், பக்கத்து மேஜைக்காரனும் சிரித்தான். பழைய காகிதம் பழைய காகிதம்தானாம். இடத்தை நேரில் பார்க்கிற உத்தியோகஸ்தன் வேறு மாதிரி எழுதினால்தான் மேலே உள்ளவர்கள் திரும்ப விசாரிப்பார்களாம். ஊர் முழுக்கச் சிரிக்க வைத்த வாய் இது. ஒரு தடவை நிஜத்தைச் சொல்லிக் கெஞ்சும்போதும் சிரிக்கிறார்கள்.

இடத்தை நேரில் பார்க்கிற உத்தியோகஸ்தன் நீ. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்று உன் அம்மா சண்டை போட்டாள். அச்சன்புதூரில் உனக்குப் பெண் பேசி முடியப் போகிற நேரம். வேலைக்குப் போன முதல் வருஷத்திலேயே மேலே உள்ளவர்கள் சொன்னதற்கு எதிராக எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயம். "இத்தன வருசமா பொய்யச் சொல்லி அவன வளத்தீரு, இப்பம் நெசத்தச் சொல்லிக் கெடுக்கப் போறீரா?" என்று கேட்டாள்.  உன் வேலைக்கு ஆபத்து வரலாம். வராது என்று எழுத என் கை துறுதுறுக்கிறது, உன்னை மெச்சிப் பதவி உயர்வு கொடுப்பார்கள் என்று கூட எழுதிவிடும் இந்தக் கை. வருமோ வராதோ, மகனே, எனக்குத் தெரியாது.

ஆனால் உன்னை வெறுங்கையோடு நான் மேலே அனுப்பவில்லை. பொய்ச் சாட்சிக்கு என்னைப் பிடித்து உள்ளே வைத்தால் வைக்கட்டும், அதற்காக நீ வளைந்து எழுத வேண்டாம். நற்சான்றைக் கண்ணாடியிலிருந்து கழற்றி இதோடு மடித்து வைத்திருக்கிறேன். அதில் துரை போட்ட தேதி இருக்கிறது. பொடவுக்குப் போய், முதல் அடுப்புக்கு மேலே பாறையைப் பார். முதலில் ஒன்றும் தெரியாது, கரியாகத்தான் இருக்கும். ஈரத்துணியால் துடை. என் பேர் வரும், ஊர் வரும், மாசமும் வருஷமும் வரும். துரை கொடுத்த காகிதத்துக்கு நாலைந்து நாள் முந்தினது அந்தக் கல், அதே மாசம், அதே வருஷம். ஆள் இல்லாத காட்டில் எட்டு நாள் கை வீங்கிக் கிடந்தவனுக்குச் சோறு போட்டது யார் என்று நீயே எழுதிக் கேள். துடைத்த துணியையும் தூக்கிப் போட்டுவிடாதே. அந்த எழுத்தின் மேல் படிந்திருக்கிறது பதினெட்டு வருஷத்துப் புகை. புகை இல்லை என்று சொன்னவன் பேரின் மேலேயே அவர்கள் தினமும் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். என் தற்பெருமையால் ஒரு நல்லது நடக்க வேண்டும் என்றால் அது இதுதான், வேறு நினைவுக்கு வரவில்லை.

நாளைக் காலையில் நான் மேலே போகிறேன். நீ வரும்வரை அங்கேதான் இருப்பேன். உன் ஆள்களுக்கு முன்னால் நீ தனியாக நடந்து வா, என் தழும்பைப் பார்க்க வருகிற பழைய பையனாக இல்லாமல், எண்ணத் தெரிந்த மனுஷனாக வா. சுத்தியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு முதலில் அடுப்பை எண்ணு. ஏழு இருக்கும். ஏழாவது அடுப்பு, ஓரத்தில் கல் சரியாகக் கூடாமல் புகைந்துகொண்டிருப்பது, என்னுடையது. அதைச் சேர்க்காதே. ஒன்று கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும், எனக்கே தோன்றுகிறது. வேண்டாம். ஆறு என்று எழுது.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்